பூச்சியைத் திருப்பிப் பாருங்கள்: உடலமைப்பைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பூச்சிகளை அறிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி, மஞ்சள் பட்டை, பச்சைச் சிறகு என்று குறித்துக்கொண்டு பெயரைத் தேடுகிறார்கள். ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். செத்த பூச்சியில் நிறம் மங்கிவிடும். கொட்டத் தெரியாத ஈ, குளவியின் மஞ்சள் பட்டையை அப்படியே போட்டுக்கொண்டு பூவில் உட்கார்ந்திருக்கும். உடலமைப்பு இப்படி ஏமாற்றாது. எந்த உறுப்பு உடலின் எந்த இடத்தில் பொருந்தியிருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், இதுவரை கண்ணில் படாத பூச்சியைக்கூட எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தனையும் ஒரே அடிப்படை அமைப்பின் மாறுதல்கள்தான். அந்த அடிப்படையைக் கையில் பிடிக்க உதவுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

தேவையானவை

அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, நுனி கூர்மையான சாமணம், குண்டூசி, வெள்ளைத்தாள், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு, ஒரு நோட்டு, பென்சில். நுண்ணோக்கி இப்போதைக்குத் தேவையில்லை. கைலென்ஸில் பார்க்கத் தெரியாதவருக்கு நுண்ணோக்கியும் பெரிதாக உதவாது.

லென்ஸைப் பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. பூச்சியின் மேல் லென்ஸை நீட்டிப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கக்கூடாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, பூச்சியை மெல்ல அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். இரண்டு விரல்கடைத் தூரத்தில் படம் பளிச்சென்று தெளியும். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் உடல் பளபளத்து விவரங்கள் மறையும். பக்கத்திலிருந்து விழுந்தால் மடிப்பும் மயிரும் மூட்டும் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

பூச்சியைக் கொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் விளிம்பிலும் விளக்கின் அடியிலும் செத்துக் கிடப்பவையே போதும். காய்ந்து விறைத்துப்போனதைத் தொட்டால் காலும் கொம்பும் உடைந்துவிடும். மூடியுள்ள டப்பாவுக்குள் ஈரப்பஞ்சு வைத்து, பஞ்சில் படாமல் பூச்சியை ஒரு நாள் வைத்திருங்கள், மூட்டுகள் இளகிவிடும். முதல் மாதிரியாகக் கரப்பான் பூச்சியையோ வெட்டுக்கிளியையோ பரிந்துரைக்கிறேன். இரண்டும் பெரியவை. இரண்டிலும் அடிப்படை அமைப்பு அதிகம் மாறாமல் இருக்கிறது. கம்பளிப்பூச்சியையும், கொப்புளம் உண்டாக்கும் வண்டுகளையும் வெறுங்கையால் தொடவேண்டாம். எதைத் தொட்டாலும் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முதல் படி: பூச்சிதானா என்று உறுதி செய்யுங்கள்

ஆறு கால், ஒரு ஜோடி உணர்கொம்பு, தலை–மார்பு–வயிறு என மூன்று பகுதி. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பூச்சிதான். சிலந்திக்கும் உண்ணிக்கும் தேளுக்கும் எட்டுக் கால், உணர்கொம்பு கிடையாது. பூரானுக்கும் மரவட்டைக்கும் உடல் முழுக்கக் கால்.

விதிவிலக்குகளை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த உண்ணிக்கு ஆறு கால்தான் இருக்கும். அடுத்த தோலுரிப்பில்தான் எட்டாகும். ஈர மண்ணில் துள்ளும் ஸ்பிரிங்டெயிலுக்கும் ஆறு கால் உண்டு. ஆனால் அதன் வாயுறுப்புகள் தலைக்குள் புதைந்திருப்பதால் அறிவியலாளர்கள் அதைப் பூச்சிகளிலிருந்து பிரித்தே வைக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. சில பட்டாம்பூச்சிகள் நான்கு காலில் நிற்பதாகத் தெரியும். வரியன்கள் என்கிற பெரிய குடும்பத்தில் முன்கால்கள் இரண்டும் சுருங்கி நெஞ்சோடு மடிந்து கிடக்கும். குண்டூசி நுனியால் மெல்ல விலக்கினால் இருப்பது தெரியும்.

இரண்டாம் படி: மார்பைக் கண்டுபிடியுங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவேன். புதியவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். பாடநூல் படத்தில் தலை, மார்பு, வயிறு என்று மூன்று கோடுகள் தெளிவாகப் பிரிக்கும். கையில் இருக்கும் வண்டிலோ அந்தக் கோடுகள் எங்கேயும் காணாது.

வழி எளிது: பூச்சியை மல்லாக்கப் போடுங்கள். கால் முளைக்கும் இடமெல்லாம் மார்பு. முதிர்ந்த பூச்சியின் ஆறு காலும் மார்பிலிருந்துதான் கிளம்பும். வயிற்றிலிருந்து ஒன்றுகூடக் கிளம்பாது. மார்பு மூன்று கண்டங்களால் ஆனது: முன்மார்பு, நடுமார்பு, பின்மார்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் கால். சிறகு இருந்தால் அது நடுமார்பிலும் பின்மார்பிலும்தான் இருக்கும். முன்மார்பில் சிறகு முளைத்த பூச்சி இன்று உலகில் எங்குமில்லை.

இப்போது ஒரு வண்டை எடுத்து மேலிருந்து பாருங்கள். தலை, அதற்குப் பின் ஒரு கவசத் தகடு, அதற்குப் பின் நீளமாக இரண்டு கெட்டி மூடிகள். தலை, மார்பு, வயிறு என்று மூன்றையும் எண்ணி முடித்துவிடத் தோன்றும். திருப்பிப் போட்டால் கணக்கு மாறுகிறது. முன்கால்கள் மட்டுமே அந்தக் கவசத் தகட்டின் அடியிலிருந்து வருகின்றன. நடுக்காலும் பின்காலும் மூடிகளுக்கு நேர் கீழே, நாம் வயிறு என்று நினைத்த பகுதியிலிருந்து வருகின்றன. அந்தக் கவசத் தகடு முன்மார்பின் கூரை மட்டும்தான். அதற்குப் புரோநோட்டம் என்று பெயர். நடுமார்பும் பின்மார்பும் மூடிகளுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. நடுமார்பின் ஒரு சின்ன முக்கோணம் மட்டும், மூடிகள் இரண்டும் சேரத் தொடங்கும் இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். அதை ஸ்கூட்டெல்லம் என்பார்கள். உங்கள் லென்ஸுக்கு நல்ல முதல் இலக்கு அதுதான். பொறிவண்டின் முன்பக்கம் வெள்ளையாகத் தெரியும் இரண்டு திட்டுகளைப் பலர் கண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவை புரோநோட்டத்தின் மேலுள்ள நிறத் திட்டுகள். உண்மையான கண்கள் அதற்கு முன்னால் சின்னஞ்சிறிதாக இருக்கும்.

கும்பிடுபூச்சியின் நீண்ட கழுத்தும் கழுத்தில்லை. முன்கால்கள் அதன் மேல்நுனியிலிருந்து தொங்குவதைப் பாருங்கள். கால் தொங்கினால் அது மார்பு. அங்கே முன்மார்பு நீண்டுபோயிருக்கிறது, அவ்வளவே. ஈயில் இதற்கு நேர்மாறு. ஒரே ஒரு ஜோடிச் சிறகுதான் பறக்கிறது என்பதால் அந்தச் சிறகை இயக்கும் நடுமார்பு மட்டும் பெருத்து, முன்னும் பின்னும் உள்ள கண்டங்கள் ஒதுங்கிப்போயிருக்கின்றன.

எறும்பும் குளவியும் தேனீயும் இந்த விதியை ஒரு படி மேலே வளைக்கின்றன. எறும்பின் மெல்லிய இடுப்புக்கு முன்னால் இருப்பது மார்பு, பின்னால் இருப்பது வயிறு என்றே யாருக்கும் தோன்றும். உண்மையில் வயிற்றின் முதல் கண்டம் மார்போடு ஒட்டி அதன் பகுதியாகவே ஆகிவிட்டது. இடுப்பு என்று நாம் பார்ப்பது வயிற்றின் இரண்டாம் கண்டம். சில எறும்புகளில் மூன்றாம் கண்டமும் இடுப்பில் சேர்ந்துகொள்ளும். எறும்பின் இடுப்பில் ஒரு முடிச்சு இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எறும்புகளை வகைபிரிக்க இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள்.

புழுக்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். பட்டாம்பூச்சியின் புழுவுக்குக் கால் நிறைய இருப்பதாகத் தெரியும். தலைக்கு அடுத்த மூன்று கண்டங்களில் உள்ள கூரான, கணுக்கள் கொண்ட ஆறு மட்டுமே உண்மைக் கால். பின்னால் இருப்பவை சதைப்பற்றான பொய்க்கால்கள். அதிகபட்சம் ஐந்து ஜோடி. லென்ஸில் பார்த்தால் பொய்க்காலின் அடியில் நுண்ணிய கொக்கிகள் வரிசையாகத் தெரியும். ஆறு ஜோடியோ அதற்கு மேலோ பொய்க்கால் இருந்தால் அது பட்டாம்பூச்சியாக மாறப்போவதில்லை. குளவிகளின் உறவான ரம்பப் பூச்சியின் புழுவாக இருக்கும்.

மூன்றாம் படி: கால்களைப் படியுங்கள்

ஒரு காலை உடலிலிருந்து நுனி நோக்கி, மூட்டு மூட்டாகப் பாருங்கள். உடலோடு பொருந்துவது காக்ஸா. அடுத்துச் சின்னதாக ட்ரொக்காண்டர். பிறகு தடித்த ஃபீமர், மெலிந்து நீண்ட டிபியா, கடைசியில் பல சிறு துண்டுகளான டார்சஸ், அதன் நுனியில் ஒரு ஜோடி நகம். முழங்கால் என்று நாம் சொல்லும் மடிப்பு ஃபீமருக்கும் டிபியாவுக்கும் நடுவில் வரும். கரப்பானின் டார்சஸில் ஐந்து துண்டுகள், வெட்டுக்கிளியில் மூன்று. இதை எண்ணுவது வெட்டிவேலையாகத் தோன்றலாம். வண்டுக் குடும்பங்களைப் பிரிக்கும்போது இந்த எண்ணிக்கை பலமுறை தேவைப்படும்.

கரப்பானின் காக்ஸா அகலமாகத் தட்டையாக உடலோடு படுத்திருப்பதைக் கவனியுங்கள். கால் முழுவதும் உடலோடு தட்டையாக மடிவதால்தான் அது அத்தனை மெல்லிய இடுக்குக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. டிபியாவில் உள்ள முட்களை ஊசியால் தடவிப் பாருங்கள். அவை அடியில் அசையும்.

இதே ஐந்து பகுதிகளை வைத்துக்கொண்டு பூச்சிகள் என்னவெல்லாம் செய்திருக்கின்றன என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். பிள்ளைப்பூச்சியின் முன்டிபியா அகன்று பற்கள் முளைத்து மண்வெட்டியாகிவிட்டது. கும்பிடுபூச்சியின் முன்ஃபீமரும் முன்டிபியாவும் எதிரெதிரே முள் வைத்த பொறி. வேலைக்காரத் தேனீயின் பின்டிபியாவின் வெளிப்பக்கம் வழவழப்பாகக் குழிந்து, ஓரத்தில் வளைந்த மயிர்களோடு மகரந்தக் கூடையாக இருக்கிறது. அதன் முன்காலில் உணர்கொம்பைச் சுத்தம் செய்யவே ஒரு பள்ளம் உண்டு. இஸ்ஸஸ் என்ற தத்துப்பூச்சியின் குஞ்சுக்குப் பின்காலின் ட்ரொக்காண்டரில் பல்சக்கரப் பற்களே இருக்கின்றன. குதிக்கும்போது இரண்டு பின்கால்களும் ஒரே கணத்தில் இயங்க அவை ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்கின்றன என்று 2013இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதிர்ந்ததும் அந்தப் பற்கள் போய்விடும்.

உயிருள்ள பூச்சி கிடைத்தால் கண்ணாடி டப்பாவில் விட்டு, நடையை மொபைலில் மெதுவேகத்தில் படம் எடுங்கள். ஒரு பக்கத்தின் முன்காலும் பின்காலும், மறுபக்கத்தின் நடுக்காலும் ஒன்றாக எழும். அப்போது மற்ற மூன்றும் தரையில் ஊன்றியிருக்கும். எந்தக் கணத்திலும் மூன்று புள்ளி ஆதாரம் இருப்பதால் கவிழ்வதில்லை. படம் எடுத்ததும் பூச்சியை வெளியில் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: சிறகுகளை எண்ணுங்கள்

கார்ல் லின்னேயஸ் 1758இல் பூச்சிகளைப் பிரித்தபோது பெரிதும் நம்பியது சிறகுகளைத்தான். அவர் வைத்த பெயர்களில் பல இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எனவே எத்தனை சிறகு, எந்தத் தன்மை என்ற இரண்டு கேள்விகளும் உங்களை வெகுதூரம் கொண்டுபோகும்.

வண்டுகளில் முன்சிறகு கெட்டி மூடி. இரண்டும் முதுகின் நடுவில் ஒரே நேர்கோட்டில் சந்திக்கும். பறக்கும் சிறகு அதற்குள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஊசியால் மூடியைத் தூக்கி, மடிப்பைச் சாமணத்தால் மெல்ல இழுத்து விரித்துப் பாருங்கள். வண்டு என்று தவறாக நினைக்கப்படும் நாவாய்ப்பூச்சிகளில் முன்சிறகின் அடிப்பாதி கெட்டியாகவும் நுனிப்பாதி சவ்வாகவும் இருக்கும். நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் முதுகில் குறுக்குக்கோடு விழும். நேர்கோடா, குறுக்கா என்று பார்ப்பதே போதும். பட்டாம்பூச்சிச் சிறகில் விரலில் ஒட்டும் பொடி, நிறம் தாங்கிய செதில்கள்.

தேனீக்கு நான்கு சிறகு. ஆனால் பின்சிறகின் முன்விளிம்பில் உள்ள சிறு கொக்கிகள் முன்சிறகைப் பற்றிக்கொள்வதால் பார்வைக்கு இரண்டாகவே தெரியும். ஈக்கும் கொசுவுக்கும் உண்மையிலேயே இரண்டுதான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித்தலை அளவில் ஒரு ஜோடி உறுப்பு இருக்கும்; பெயர் ஹால்டியர். பெரிய ஈ ஒன்றை எடுத்து, சிறகின் அடிக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். வெளிர் நிறத்தில் காம்பும் குமிழுமாகத் தெரியும். பறக்கும்போது அதுவும் சிறகோடு சேர்ந்து அடித்து, உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்குச் சொல்கிறது. அதை நீக்கிய ஈயால் நிலையாகப் பறக்க முடியாது.

சிறகுக்குள் தசை கிடையாது. தட்டானில் தசைகள் சிறகின் அடியை நேராகவே பிடித்து இழுக்கின்றன. அதனால் நான்கு சிறகையும் தனித்தனியாக ஆட்ட முடிகிறது. ஈ, தேனீ போன்ற பெரும்பாலானவை வேறு வழி வைத்திருக்கின்றன. அவற்றின் பறக்கும் தசைகள் மார்புப் பெட்டியையே அமுக்கி விடுகின்றன. தகர டப்பா மூடியின் நடுவை அமுக்கினால் மூடி குழிவதும், விட்டால் டப்பென்று எழும்புவதும் தெரியுமல்லவா, மார்பின் கூரை அப்படித்தான் ஏறி இறங்குகிறது. கூரை தாழும்போது சிறகு மேலே போகும். எழும்பும்போது கீழே வரும். ஒரு நரம்புத் தூண்டலுக்குப் பல அடிப்புகள் கிடைப்பதால்தான் தேனீ நொடிக்குச் சுமார் 230 தடவையும், கொசு 400 தடவைக்கு மேலும் சிறகடிக்க முடிகிறது. நம் காதருகே கேட்கும் ரீங்காரம் அந்த வேகம்தான்.

ஐந்தாம் படி: தலைக்கு வாருங்கள்

பலர் தலையில் தொடங்குவார்கள். மார்பும் காலும் பழகியபின் வந்தால் தலை எளிதாகப் புரியும் என்பது என் எண்ணம். ஏனென்றால் வாயைச் சுற்றியுள்ள உறுப்புகள், பரிணாமத்தில் கால்களாக இருந்து மாறியவைதான்.

பக்கவாட்டில் இரண்டு கூட்டுக்கண்கள். ஒவ்வொன்றும் அறுகோண வடிவச் சிறு கண்ணலகுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டது. வீட்டு ஈயின் ஒரு கண்ணில் மூவாயிரத்துக்கு மேல். பெரிய தட்டான்களில் ஏறத்தாழ முப்பதாயிரம். அத்தனை அலகிலும் ஒரே காட்சி தனித்தனியாகத் தெரியும் என்று பரவலாகச் சொல்வது சரியில்லை. ஒவ்வோர் அலகும் காட்சியின் ஒரு புள்ளியைத்தான் பிடிக்கிறது. புள்ளிகள் சேர்ந்து ஒரே படமாகின்றன. நெற்றியில் முக்கோணமாக மூன்று தனிக்கண்கள் பல பூச்சிகளில் இருக்கும். குளவியில் அவை பளபளக்கும் மணிகளாக எளிதில் தெரியும். ராபர்ட் ஹூக் 1665இல் ஈயின் கண்ணை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து வெளியிட்டபோது ஐரோப்பாவே வியந்தது. அந்தக் கண்ணலகுகளின் வரிசையை இன்று நல்ல மொபைல் கேமரா லென்ஸிலேயே நீங்கள் பார்த்துவிடலாம்.

உணர்கொம்பு முகர்வதற்கு, தொட்டறிவதற்கு, சிலவற்றில் கேட்பதற்கும். நூல் வடிவம், மணிமாலை வடிவம், நுனி பருத்தது, இறகு வடிவம், முழங்கை மடிப்பு என்று பல வகை. நுனி பருத்திருந்தால் பெரும்பாலும் பட்டாம்பூச்சி; இறகாகவோ வெறும் நூலாகவோ இருந்தால் அந்துப்பூச்சி. முழங்கையாக மடிந்திருந்தால் எறும்பையும் அதன் உறவினர்களையும் நினையுங்கள். ஆண் கொசுவின் கொம்பு அடர்ந்த மயிரோடு இருக்கும். பெண்ணின் சிறகொலி அந்த மயிர்களை அசைக்க, கொம்பின் இரண்டாம் கணுவில் உள்ள உணர்வுறுப்பு அதைக் கேட்கிறது. எனவே மயிரடர்ந்த கொம்புள்ள கொசுவைப் பார்த்தால் பயம் வேண்டாம், அது கடிக்காது.

வாய்க்கு வெட்டுக்கிளியை எடுங்கள். முகத்தை நேருக்கு நேர் பிடித்து, முன்னால் தொங்கும் மேலுதட்டை ஊசியால் தூக்குங்கள். கறுப்பேறிய இரண்டு தாடைகள் தெரியும். அவை மேலும் கீழுமாகத் திறப்பதில்லை. பக்கவாட்டில் திறந்து மூடுகின்றன. அதற்குப் பின்னால் ஒரு ஜோடித் துணைத்தாடைகள், அவற்றிலிருந்து நீளும் கணுக்கள் கொண்ட சின்ன உணர்விரல்கள், கடைசியாகக் கீழுதடு, நடுவில் நாக்குப் பகுதி. மேலுதடு, தாடை, துணைத்தாடை, கீழுதடு, நாக்கு என்ற இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உலகத்தின் மற்றெல்லாப் பூச்சி வாய்களும் இவற்றை நீட்டியும் ஒட்டியும் சுருக்கியும் செய்தவை.

பெண் கொசுவின் ஒற்றை ஊசியாகத் தெரிவது உண்மையில் ஆறு ஊசிகள்: இரண்டு தாடை, இரண்டு துணைத்தாடை, மேலுதடு, நாக்கு. கீழுதடு அவற்றின் உறை. கடிக்கும்போது உறை தோலுக்குள் போகாது; வளைந்து பின்வாங்கி வெளியிலேயே நிற்கும். ரத்தம் மேலுதட்டுக் குழல்வழியே மேலேறுகிறது. உமிழ்நீர் நாக்கின் துளைவழியே கீழிறங்குகிறது. பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழல் துணைத்தாடைகளின் இரண்டு நீண்ட பாதிகள் ஒட்டியது. கூட்டுப்புழுவிலிருந்து வந்தவுடன் அவை பிரிந்தே இருக்கும். பூச்சி சுருட்டி நீட்டி, சுருட்டி நீட்டி இரண்டையும் பொருத்திக்கொள்ளும். ஈயின் வாய்நுனியில் கீழுதடு விரிந்து திரவத்தை ஒற்றியெடுக்கும் மெத்தையாகிவிட்டது. தட்டான் குஞ்சில் கீழுதடுதான் வேட்டைக் கருவி: முகத்தடியில் மடித்து வைத்து, இரை வந்ததும் எறியும்.

ஆறாம் படி: வயிறு

வயிற்றின் கண்டங்களை எண்ணுங்கள். அடிப்படை பதினொன்று, கடைசிக் கண்டங்கள் ஒட்டியும் ஒளிந்தும் இருப்பதால் பல பூச்சிகளில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இடையே மடியும் சவ்வு. தின்று நிறையும்போதும் முட்டை நிறையும்போதும் வயிறு உப்ப இந்தச் சவ்வே இடம் கொடுக்கிறது.

பக்கவாட்டில் கண்டத்துக்கு ஒன்றாகச் சிறு புள்ளி தெரிகிறதா? அதுதான் மூச்சுத்துளை. கரப்பானில் மார்பில் இரண்டு ஜோடி, வயிற்றில் எட்டு ஜோடி. பெரிய புழுக்களில் இவை வளையமிட்ட புள்ளிகளாக வரிசையாக நிற்கும். முதல்முறை பார்க்க அவையே வசதி. வெட்டுக்கிளியின் சிறகை விலக்கி வயிற்றின் முதல் கண்டத்தைப் பாருங்கள். நீள்வட்டமாக ஒரு சவ்வு பளபளக்கும். அது செவி. சுவர்க்கோழிக்குச் செவி முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. கேட்கும் உறுப்பைத் தலையில் தேடிப் பயனில்லை.

வால்நுனியில் இருக்கும் இரண்டு நீட்சிகள் செர்சி. கரப்பானின் செர்சியில் மெல்லிய மயிர்கள் காற்றசைவை உணர்கின்றன. நீங்கள் செருப்பை ஓங்கும்போது முந்திவரும் காற்றே அதற்கு எச்சரிக்கை. ஆண் கரப்பானுக்குச் செர்சிகளுக்கு நடுவே இன்னொரு ஜோடிச் சிறு குச்சிகள் உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. பெண் சுவர்க்கோழியின் நடுவில் நீளும் ஊசி முட்டையிடும் உறுப்பு. தேனீயிலும் குளவியிலும் அதே உறுப்பு கொடுக்காக மாறிவிட்டது. அதனால் கொட்டுவதெல்லாம் பெண்தான். ஆண் தேனீயிடம் கொடுக்கே இல்லை.

ஏழாம் படி: தோலும், உரித்த சட்டையும்

பூச்சிக்கு எலும்பு வெளியில். கைட்டினும் புரதமும் சேர்ந்த அந்தத் தோலின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. உடலின் நீர் வெளியேறாமல் காப்பது அதுதான். தோல் வளராது என்பதால் வளர்ச்சிக்கு உரித்தே ஆகவேண்டும். எப்போதாவது தூய வெள்ளையாக ஒரு கரப்பானைப் பார்த்திருந்தால், அது நோய்ப்பட்டதோ வேறு இனமோ இல்லை. அப்போதுதான் சட்டை உரித்தது. சில மணி நேரத்தில் தோல் இறுகிப் பழுப்பாகிவிடும்.

குளத்தோர நாணலில் தட்டான் குஞ்சு உரித்துவிட்டுப்போன சட்டை கிடைத்தால் விடாதீர்கள். முதுகுப் பிளவுக்குள் லென்ஸால் பாருங்கள். உள்ளே வெள்ளை நூல்கள் தொங்கும். அவை மூச்சுக்குழல்களின் உட்பூச்சு. பூச்சி உரிக்கும்போது வெளித்தோலோடு மூச்சுக்குழல்களின் உட்சுவரும், குடலின் முன்பகுதி பின்பகுதிகளின் உட்சுவரும் சேர்ந்தே கழன்று வருகின்றன. உயிருக்கு எதுவும் செய்யாமல் பூச்சியின் உள்ளமைப்பைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

எட்டாம் படி: உள்ளே

அறுப்பதற்கு முன், தேங்கிய நீரிலிருந்து ஒரு கொசுப்புழுவை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். உடல் கண்ணாடியாகத் தெரியும். நீளவாட்டில் ஓடும் இரண்டு வெள்ளிக் கோடுகள் காற்று நிறைந்த மூச்சுக்குழல்கள். பல வகைகளில் அவை வால்பக்கக் குழாய்வரை போய் நீர்மட்டத்தில் திறக்கும். நடுவில் கருமையாக அசைவது குடல். பார்த்து முடித்ததும் அந்த நீரைக் காய்ந்த தரையில் கொட்டிவிடுங்கள்.

பூச்சியின் உடலுக்குள் இரத்தம் குழாய்களில் ஓடுவதில்லை. முதுகின் அடியில் நீளமான ஒரே குழல் இதயமாக இருந்து, பின்னாலிருந்து முன்னால் தள்ளிவிடும். பிறகு திரவம் உறுப்புகளை நனைத்தபடி தானாகத் திரும்பும். அது பெரும்பாலும் நிறமற்றது, அல்லது வெளிர் மஞ்சளோ பச்சையோ. அடித்த கொசுவில் தெரியும் சிவப்பு அது குடித்த ரத்தம். ஈயை நசுக்கினால் வரும் சிவப்பு அதன் கண்ணின் நிறமி. ஆக்சிஜனைச் சுமப்பது இந்தத் திரவத்தின் வேலையில்லை. மூச்சுத்துளையில் நுழையும் காற்று, கிளைத்துக் கிளைத்து மெலியும் குழல்கள்வழியே நேராகச் செல்களுக்கே போகிறது. இந்த ஏற்பாடு சிறிய உடலுக்குத்தான் பொருந்தும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சிறகை விரித்தால் 65 சென்டிமீட்டருக்கு மேல் வரும் மெகனியூரா என்ற தட்டான் உறவுப் பூச்சி வாழ்ந்தது. அன்று காற்றில் ஆக்சிஜன் இன்றைவிடக் கூடுதலாக இருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அறுத்துப் பார்க்க விரும்பினால், புதிதாகச் செத்த பெரிய கரப்பான் ஒன்று வேண்டும். மெழுகு ஊற்றி உறையவைத்த தட்டில் அதை முதுகு மேலிருக்கக் குண்டூசியால் நிறுத்துங்கள். சிறகுகளை வெட்டிவிட்டு, உடலின் இரு ஓரத்திலும் சிறு கத்திரியால் வெட்டி, முதுகுத் தகடுகளை மெல்ல உயர்த்துங்கள். இதயம் அந்தத் தகடுகளின் அடியிலேயே ஒட்டி வரும் என்பதால் அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். இப்போது தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருந்த உறுப்புகள் மிதந்து பிரியும். தண்ணீர் இல்லாமல் செய்தால் எல்லாம் ஒரே கூழாகத் தெரியும்.

முதலில் கண்ணை மறைப்பது வெள்ளையான கொழுப்புத் திசு. சாமணத்தால் ஒதுக்குங்கள். அதன் கீழே குடல்: தீனிப்பை, உணவை அரைக்கும் பற்கள் கொண்ட சிறு பை, நடுக்குடல், பின்குடல். நடுக்குடலும் பின்குடலும் சேரும் இடத்தில் மஞ்சள் நிற நுண்ணிழைகள் கற்றையாகக் கிளம்பும். கழிவைப் பிரிக்கும் மால்பீஜியன் குழல்கள் அவை. 1669இல் பட்டுப்புழுவின் உள்ளமைப்பை விவரித்த மார்ச்செல்லோ மால்பீஜியின் பெயரைத் தாங்கியவை. குடலை முழுவதும் அகற்றினால் அடித்தளத்தில் வெள்ளை இரட்டை நூல் ஒன்று ஓடும். இடையிடையே முடிச்சுகள். அது நரம்பு வடம். நமக்கு முதுகில் ஓடுவது பூச்சிக்கு வயிற்றுப்பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு முடிச்சும் தன் பகுதியைத் தானே ஓரளவு நடத்திக்கொள்ளும். தலை போன கரப்பான் சில நாள் உயிரோடு இருப்பதற்கு அது ஒரு காரணம்.

வரைந்து வையுங்கள்

புகைப்படம் எடுத்தாலும் கையால் ஒரு படம் வரையுங்கள். அழகு முக்கியமில்லை. ஒரு பக்கம் மேலிருந்து, ஒரு பக்கம் கீழிருந்து, ஒரு பக்கம் பக்கவாட்டில் என மூன்று படம். மார்பின் மூன்று கண்டங்களையும் மூன்று வண்ணத்தில் நிரப்புங்கள். முன்மார்பு எங்கே முடிகிறது என்று முடிவெடுக்காமல் வண்ணம் தீட்ட முடியாது. அளவுகோல் வைத்து உடல் நீளத்தையும், கிடைத்த தேதியையும் இடத்தையும் ஓரத்தில் எழுதுங்கள்.

கரப்பானும் வெட்டுக்கிளியும் முடிந்தபின் ஈ, குளவி, வண்டு, நாவாய்ப்பூச்சி என்ற வரிசையில் போங்கள். ஈயில் ஹால்டியரைத் தேடுங்கள், குளவியில் கொக்கியால் பிணைந்த சிறகையும் இடுப்பையும், வண்டில் மூடிக்கு அடியில் மறைந்த மார்பையும், நாவாய்ப்பூச்சியில் தலைக்கு அடியில் மடிந்து கிடக்கும் ஊசிவாயையும். அந்த ஊசிவாய் குட்டையாக, தடித்து வளைந்திருந்தால் அது பிற பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும் வேட்டைக்கார வகையாக இருக்கக்கூடும். உயிருள்ளதாக இருந்தால் விரலில் ஏறவிடாதீர்கள். அதன் குத்து கடுமையாக வலிக்கும்.